கிளட்ச் கம்பி கட்டிய மாண்டலின்

1

இந்த அறையின் ஈரப்பதம் இன்று காலை எட்டு மணிக்கு நாற்பத்தேழு விழுக்காடு. வெப்பம் பத்தொன்பது. நோட்டில் எழுதிவிட்டேன். பதினோரு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் எழுதுகிறேன். ரத்த அழுத்தத்தை இப்படி எழுதி வந்திருந்தால் மாத்திரையைக் குறைத்திருக்கலாம் என்று இங்குள்ள டாக்டரம்மா குறைபட்டுக்கொள்கிறார்.

கோவென்ட்ரியில் என் வீட்டு மாடியில் இருக்கிறது இந்த அறை. சுவரில் இருபத்திரண்டு பழைய வாத்தியங்கள் தொங்குகின்றன. கிடார்கள், மாண்டலின்கள், பாஞ்சோக்கள், ஒரு சித்தார். எல்லாமே மெட்டு உள்ளவை. விரல் வைக்கும் பலகையில் குறுக்கே உலோகக் கம்பி பதித்திருப்பார்களே, அதுதான் மெட்டு. வயலின் போல மெட்டில்லாத எதையும் நான் வாங்குவதில்லை. சேர்ப்பவனுக்கு ஒரு வேலி வேண்டும், இல்லாவிட்டால் வீடு கொள்ளாது. என் மனைவி இறந்த பிறகு அவள் தையல் அறையும் இவற்றுக்குப் போனது. இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது.

இருபத்திரண்டாவது வாத்தியம், ஒரு மாண்டலின், என் அண்ணன் சவரிமுத்துவுடையது. போன சனிக்கிழமையோடு அவர் இறந்து ஓராண்டு. அந்த மாண்டலினை அவரிடமிருந்து நான் இரண்டு முறை வாங்கினேன். முதல் முறை அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை பெட்டியில் படுத்திருந்தார். ஊரில் இதைத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சுங்க ஆவணங்கள் தயாரித்தேன். கப்பலில் வருவது பீங்கானா, பீங்கான் போன்றதா, எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, எந்தப் படிவத்தில் எத்தனை நகல் என்பதெல்லாம் என் வேலை. திருத்தம் கேட்டு என் படிவம் திரும்பி வந்ததில்லை என்று ஓய்வு பெறும் நாளில் மேலாளர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லாதபோது இப்படித்தான் பேசுவார்கள் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது உறைத்தது.

சேர்க்கும் பழக்கம் அந்த வேலையில்தான் தொற்றியது. ஒருநாள் ஓர் ஏலக் கம்பெனியின் சரக்கில் கிழிந்த பெட்டிக்குள் ஒரு பழைய கிடார் வந்தது. அதன் தோள், இடை, ஒலித்துளையைச் சுற்றிப் பதித்திருந்த சிப்பி வேலை எல்லாவற்றையும் நான்தான் படிவத்தில் விவரிக்க வேண்டியிருந்தது. விவரித்து முடித்தபோது அது எனக்கு வேண்டும் போலிருந்தது. எனக்கு ஆசை வருவதே விவரிக்கும்போதுதான். மற்றவர்களுக்கு வேறு மாதிரி வரும்போல.

என் மகள் ரீனா பிரிஸ்டலில் வக்கீல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். இந்த அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். போன முறை வந்தபோது ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, உங்களுக்குப் பிறகு இதையெல்லாம் யாருக்குக் கொடுக்கணும்? ஒரு பட்டியல் எழுதி வெச்சா எனக்குச் சுலபம்." வேறு பிள்ளைகள் இப்படிக் கேட்டால் தகப்பன்மார்களுக்கு வருத்தம் வரும். எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டியல் ஏற்கெனவே தயார் என்று கோப்பை எடுத்துக் காட்டினேன்.

3

மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் எங்கள் ஊர். இருபது முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள், ஒரு சின்னக் கோயில். அப்பா அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைப்பது அவர் பொறுப்பு. வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது இந்த மாண்டலினை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஆணியில் மாட்டினார். அண்ணன் ஆணியிலிருந்து எடுத்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், கோயிலில் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகினார்.

நான் படித்து வெளியேறினேன். அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போனார். முதலில் மரவேலை, பிறகு பெயின்ட் அடிக்கும் வேலை. ஆறு நாள் பட்டறை, ஞாயிறு காலை கோயிலில் மாண்டலின். ஏறக்குறைய ஐம்பது வருடம் அப்படியே ஓடியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போனேன். அப்போதுதான் மாண்டலினைச் சேர்ப்பவனின் கண்ணோடு முதல்முறை பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்தார்.

"என்னண்ணே, நடுவுல செவப்பா இருக்கு?"

"டெயில் லாம்பு கண்ணாடிடா. மரந் தேயாம இருக்க ஒட்டியிருந்த பழைய தகடு ஒடஞ்சு போச்சு. ஆமை ஓட்டுல செஞ்சதாம். துண்டு துண்டா வந்துச்சு, வீசிட்டேன். லாரி டெயில் லாம்ப அறுத்து அளவா ஒட்டிட்டேன். எப்படி?"

"கம்பி?"

"பைக்கு கிளட்ச் கேபிளு. உள்ள பிரிச்சா ஒண்ணொண்ணும் முடியாட்டம் வரும். கடையில வாங்கற கம்பி மூணு மாசத்துல துரு. இது மூணு வருசமானாலும் அறுகாது. தடியான கம்பி வேணும்னா அது மேல மோட்டார் காயில் செம்பச் சுத்திக்குவேன்." அவர் சிரித்தார். "நாலு பேரு ஏறுன வண்டியையே தாங்குது. மாதா பாட்டத் தாங்காதா?"

மெட்டுகள் தேய்ந்துபோய், பித்தளை வெல்டிங் கம்பியை வெட்டி, அரத்தால் ராவி, தானே பதித்திருந்தார். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாராம். மேலே லாரிக்கு அடிக்கும் வார்னிஷ். பளபளவென்று புது லாரி போலவே இருந்தது.

நான் டார்ச்சும் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியும் எடுத்து வந்தேன். அவற்றை நான் எங்கு போனாலும் கொண்டுபோவேன். துளைக்குள் விட்டுப் பார்த்தேன். பழுத்த காகிதத்தில் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்துப் பட்டறை ஒன்றின் பெயர். முதுகு பூசணிக்காய் போல உருண்டை. அதை இருபத்தேழு மெல்லிய மரப்பட்டைகளை ஒட்டிச் செய்திருந்தார்கள். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். கம்பியைத் தாங்கி நிற்கும் குதிரைக்குப் பக்கத்தில் மேல்பலகை ஓர் அரிசி அளவு உள்வாங்கியிருந்ததையும் பார்த்துவிட்டேன்.

நான் பேசும்போதே அண்ணன் மூன்று முறை எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அதையும் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். விவரிக்கவில்லை, அதனால் நினைவில் பதியவில்லை.

"அண்ணே, இத இனிமே வாசிக்கக் கூடாது."

"ஏண்டா?"

"கிளட்ச் கம்பி இழுக்கற இழுப்புல பலகை உள்ள போகுது. ஒருநாள் பிளந்துரும்."

"பொளந்தா ஒட்டிக்கறேன்."

"ஒட்டவும் கூடாது. நீ எதுவுமே செய்யக் கூடாது."

அண்ணி ரோசலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாசிக்கவுங் கூடாது, ஒட்டவுங் கூடாது. அப்பறம் எதுக்குங்க தம்பி அது? மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல வெச்சு வெளக்குப் போடவா?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் சிரிக்காமல் விளக்கினேன். இது அபூர்வமானது, நான் கொண்டுபோய் முறைப்படி சரி செய்து பாதுகாப்பேன், அதற்கு உரிய அனுமதிகளை நானே பெறுகிறேன், அதுவரை கம்பியைத் தளர்த்தி பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அண்ணனுக்குப் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கித் தருகிறேன்.

அண்ணன் மாண்டலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, படிச்சவன் சொல்றான்" என்று குறடு எடுத்து முறுக்காணிகளைத் தளர்த்தினார். எட்டுக் கம்பிகளும் ஒவ்வொன்றாகத் தொங்கிப்போயின.

4

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது. அதற்குக் குறைந்தது என்றால் குறைந்தது என்று தொல்பொருள் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் விண்ணப்பத்தோடு பதினோரு பக்க விவரக் குறிப்பு இணைத்தேன். வயது என்ற இடத்தில் "சுமார் நூறு ஆண்டு" என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு ஒரே பதில்தான். தொண்ணூறு என்று எழுதினால் என் மாண்டலினுக்கு மதிப்புக் குறைவு போலத் தோன்றியது. முப்பத்தொரு ஆண்டு பிறருடைய படிவங்களில் இந்தத் தவறைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தின் கேள்வி மிக நியாயமானது: சுமார் நூறு என்றால் மேலா, கீழா? அடுத்த ஒன்றரை ஆண்டை அதற்குப் பதில் சொல்வதில் கழித்தேன். துளைக்குள் இருந்த காகிதத்தின் அச்சு, பட்டறையின் முகவரி மாறிய காலம் என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஒரு கல்யாணத் தரகரின் விடாமுயற்சியோடு அதன் வயதைக் குறைத்தேன். வன உயிரினங்களின் பாகம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் சிரமமில்லை. இல்லை என்று எழுதினேன். அண்ணன் அந்த ஆமை ஓட்டைக் குப்பையில் வீசாமல் ஒட்டி வைத்திருந்தால் மாண்டலின் ஊரைவிட்டு நகர்ந்திருக்காது. வாசித்துக்கொண்டே இருந்திருப்பார்.

அளவுகோல் பக்கத்தில் இருக்க, ஆறு கோணத்தில், ஸ்டூடியோவில் எடுத்த படம் வேண்டும் என்றார்கள். அண்ணன் மாண்டலினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ்ஸில் போனார். முதல் முறை அளவுகோல் தலைகீழாக விழுந்திருந்தது. மறுபடி போகச் சொன்னேன். மறுபடி போனார். பெயின்ட் புகை நெஞ்சில் தங்கி, பஸ் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கிய சமயம் அது. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அவர் மகள் மேரி பின்னால் சொன்னாள்.

நான் வாங்கித் தந்த புது மாண்டலினை மூன்று ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுபோனாராம். "சத்தமெல்லாம் வருதுடா. கைதான் ஒட்டமாட்டேங்குது" என்றார். பாடகர் குழு ஒரு கீபோர்டு வாங்கியது. ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே தாளமும் போட்டது. அண்ணன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் போன் செய்தார்.

"பிரகாசம், ஒண்ணு கேக்கட்டுமா? ராத்திரி பூசைக்கு மட்டும் கம்பிய ஏத்திக்கட்டுமா? ஒரே பாட்டுடா. முடிஞ்சதும் எறக்கிருவேன்."

"வேண்டாண்ணே. போட்டோவுல கம்பி தளர்ந்து இருக்கு. பொருள நேர்ல பாக்கக் கேட்டு, வேற மாதிரி இருந்தா மறுபடி மொதல்ல இருந்து தொடங்கணும்."

"ஒரு பாட்டுக்காடா?"

"ஒரு பாட்டானாலும் மாற்றம் மாற்றந்தானே."

கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. "சரி சாமி. நீ சொன்னாச் சரி" என்றார்.

எங்கள் பக்கம் சின்னக் குழந்தையையும் சாமி என்போம், பெரியவரையும் சாமி என்போம். எந்தச் சாமியாக அவர் என்னை அன்று கூப்பிட்டார் என்று கேட்க இப்போது ஆளில்லை.

5

அடுத்த கிறிஸ்துமஸ் அவருக்கு வரவில்லை.

செய்தி வந்தபோது என்னிடம் கடவுச்சீட்டு இல்லை. காலாவதியாவதற்கு ஒன்பது மாதம் முன்பே புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். அதுதான் சரியான முறை. கடைசி நேரத்தில் அனுப்பும் பொறுப்பில்லாதவர்கள் எல்லாம் அண்ணன் சாவுக்குப் போய்விடுவார்கள். அவசரத்துக்கு என்ன வழி என்பதும் எனக்குத் தெரியும். அன்று சனிக்கிழமை. எல்லா வழிகளும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

ஊரில் மாலை நான்கு மணி, இங்கே காலை பத்தரை. மேரி கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு முன்னால் பந்தல். பெட்டியில் அண்ணன், வெள்ளை வேட்டி சட்டை, கையில் ஜெபமாலை. முகம் மிகவும் சின்னதாகியிருந்தது. சாமியார் வந்துவிட்டார், மூடுவதற்கு முன் கடைசி ஜெபம் தொடங்கப் போகிறார். அப்போது அண்ணி வீட்டுக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மாண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணனின் இடப்பக்கம், தோளோடு அணைத்தபடி படுக்க வைத்து, அவர் கையை எடுத்து அதன் கழுத்தின்மேல் வைத்தார். கம்பிகள் தளர்ந்தே இருந்தன. சாகும்வரை நான் சொன்னபடி வைத்திருந்தார்கள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வருடமாக யோசித்துப் பல வாக்கியங்கள் தயாரித்து வைத்திருக்கிறேன். அன்று சொன்னது இது:

"மேரி, அந்த மாண்டலின எடுக்கச் சொல்லு."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். பந்தலில் எல்லோரும் திரும்பினார்கள்.

"சித்தப்பா…" என்றாள் மேரி.

"விண்ணப்பம் நிலுவையில இருக்கும்மா. அது மண்ணுக்குள்ள போகக் கூடாது."

ஜெபப் புத்தகத்தை விரித்திருந்த சாமியார் நிறுத்தினார். பாடகர் குழுப் பெரியவர் ஒருவர், கைபேசியைப் பார்க்காமலே சொன்னார்: "பரவால்லீங்களே, சீமையில இருந்தாலும் சாமான் மேல கண்ணு தப்பலீங்க."

யாரோ பெட்டியை நோக்கிக் குனிந்தார்கள். அண்ணி தடுத்தார். "ஆரும் தொடாதீங்க. அவரு தம்பி கேக்கறாரு. நானே எடுத்துக் குடுக்கறேன்." அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அவை லேசில் விலகவில்லை. மாண்டலினை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றார். பெட்டியை மூடினார்கள். படம் ஒரு நொடிகூட உறையவில்லை. இணைய வசதி நன்றாக இருந்தது.

அன்று மாலை ரீனா தன் பெரியம்மாவுக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தாள். வருடத்துக்கு இரண்டு முறை பேசும் தமிழில், "பெரியம்மா, பெரியப்பா முடிஞ்சுட்டாங்களா?" என்று கேட்டாளாம். "ஆமாஞ் சாமி, முடிஞ்சுட்டாரு" என்று பதில் சொல்லியிருக்கிறார் அண்ணி. ரீனா இதை என்னிடம் சொல்லி, தான் கேட்டது சரிதானா என்றாள். சரிதான் என்றேன். அந்த வீட்டில் அன்று தப்பாகப் பேசியது அவள் இல்லை.

6

நாற்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் சான்றிதழ் வந்தது. குறையே சொல்ல முடியாத சான்றிதழ்.

மாண்டலினைக் கட்டி அனுப்பும் முறையைப் பதினான்கு குறிப்புகளாக எழுதி மேரிக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். நான் எதிர்பார்த்துக்கூட இருந்தேன். சொல்லவில்லை. பதினான்கையும் அப்படியே செய்து அனுப்பினார். இங்கே வந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு கீறல் இல்லை. என் பட்டியலில் இல்லாத ஒரே பொருள், பூச்சி அரிக்காமலிருக்க அண்ணி உள்ளே வைத்திருந்த ஒரு கொத்து வேப்பிலை. இலை தழைகளை அறிவிக்காமல் கொண்டுவருவது இங்கே குற்றம். கையுறை போட்டு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன்.

பீட்டர் என்று ஒருவர், பழைய வாத்தியங்களைச் சீராக்குபவர், என் வாத்தியங்களையெல்லாம் அவர்தான் பார்ப்பார். மாண்டலினை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். மேல்பலகையின் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது பிளக்கும் நிலையில் இருந்ததுதானே?" என்று கேட்டேன்.

"இல்லை. இது பழைய பள்ளம். ஐம்பது வருடமாக இப்படியே நின்றிருக்கும். இன்னும் ஐம்பது வருடம் வாசித்திருக்கலாம்."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். தெரியாமல் சொல்பவர்கள்தான் ஆளைச் சரியாக அடிப்பார்கள்.

பிறகு பித்தளை மெட்டுகளை விரலால் வருடினார். சிவப்புத் தகட்டை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "நல்ல கைக்காரர். இதை அவர் விட்டுப்போன மாதிரியே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நேப்பிள்ஸிலிருந்து வந்த மாதிரி ஆக்கலாம். உங்களுக்கு எது வேண்டும்?"

யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நேப்பிள்ஸ் என்றேன். அவர் படிவத்தைக் கொடுத்தார், நிரப்பிக் கையெழுத்திட்டேன்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. லாரி வார்னிஷ் போய் மரம் தேன் நிறத்தில் இருந்தது. வெள்ளி நிற மெட்டுகள், ஆமை ஓடு போலவே செய்த தகடு, அந்தக் காலத்து அளவில் கம்பிகள். இருபத்திரண்டாவது ஆணியில் மாட்டினேன். அட்டையில் எழுதினேன்: "நிலை: அசல்."

7

போன மாதம் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, வர்ற மாசம் மொத சனிக்கிழம அவருக்கு வருசப் பூசைங்க. ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைக்காதீங்க. பூசை முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும், அந்த மாண்டலின்ல அவரு வாசிக்கற மாதா பாட்ட போன்ல ஒருதரம் கேக்க முடியுமுங்களா? உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தெரியுமுங்க. அங்க தெரிஞ்சவங்க ஆரையாச்சும் வெச்சு…"

அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் முறை. மேரி பாட்டை முனகிப் பதிவு செய்து அனுப்பினாள். பீட்டர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு வாரம் பழகி, சனிக்கிழமை மதியம் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் அப்போது மாலை. அண்ணி, மேரி, பாடகர் குழுவில் நாலைந்து பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது திரையில் தெரிந்தது.

பீட்டர் வாசித்தார். சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல், இரண்டு முறை. முடிந்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அழுகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த ஐயா ரொம்ப நல்லா வாசிச்சாருங்க" என்றார் அண்ணி. "நான் சொன்னேன்னு சொல்லீருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது அது இல்லீங்களே, தம்பி."

"அதேதான் அண்ணி. பழையபடி ஆக்கியிருக்கோம். முதல்ல செஞ்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படி."

"அப்பிடீங்களா. அவரு வாசிச்சா ஒரு கரகரப்பு வருமுங்க. கம்பி பித்தளையில பட்டு, இருமறாப்ல. கண்ண மூடுனாலும் இவருதான்னு தெரியும்." கைபேசிக்கு அருகே குனிந்து பார்த்தார். "செவப்புத் தகட்டக் காணமுங்களே?"

"எடுத்தாச்சு அண்ணி."

"பித்தளையெல்லாம்?"

"அதுவும்."

"மாண்டலின வேணும்னா திருப்பி அனுப்பட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க. இது உங்குளுது. அந்தத் தகடும் பித்தளையும் மட்டும் அனுப்பிச்சு உடுங்க. அது அவரு கையில செஞ்சதுங்களே. சின்னப் பொட்டலந்தான் வரும்." கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு சர்ட்டிபிகேட் எதாச்சும் வேணுமுங்களா?"

"வேண்டாம் அண்ணி."

"எடுத்து வெச்சிருக்கீங்கள்ல?"

"இருக்கும் அண்ணி. தேடிப் பார்த்து அனுப்பறேன்."

"மெதுவா அனுப்புங்க, அவசரமில்லீங்க" என்றார். பிறகு நான் சாப்பிட்டேனா என்று விசாரித்தார்.

அண்ணி, இதை அச்சிடப்போகும் இந்தப் பத்திரிகை நம் பங்குக் கோயிலுக்கு வருகிறது. மேரி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்றும் தெரியும். போனில் சொல்ல முடியாததை இதில் சொல்கிறேன். தேடிப் பார்க்க எதுவும் இல்லை. பீட்டர் கொடுத்த படிவத்தின் கடைசி வரியில், கழற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டுமா, குப்பையில் சேர்க்கலாமா என்று கேட்டு இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நன்றாகப் படித்துப் பார்த்துத்தான், இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன்.